லிஃப்ட் போட்ட பழைய ஜிப்ஸியில் முன் ஆக்ஸில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

மலைப்பாதையில் ஓடும் மாருதி ஜிப்ஸி முன்பக்கம் "டக் டக்" என்று சத்தம் போட ஆரம்பித்தால் பட்டறையில் கிடைக்கும் முதல் பதில், "ஆக்ஸில் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்" என்பதுதான். லிஃப்ட் போட்ட, அதாவது உயரம் ஏற்றிய வண்டி என்றால் ஜாக்கி வைப்பதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அதைக் கேட்டு இரண்டு ஷாஃப்ட்டையும் புதிதாகப் போட்டார். போட்ட பிறகு அதே சத்தத்தோடு மலையேறி வந்தார். கோளாறு, முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப்பில் இருந்தது.

என்னிடம் இருப்பது 1999 மாடல் ஜிப்ஸி கிங். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். வத்தலக்குண்டிலிருந்து பெரும்பாறை வழியாக ஏறும் தார்ச்சாலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குப் போகும் கல் பாதையில்தான் வண்டி படாத பாடு படுகிறது. உர மூட்டை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்த செம்மண்ணில் ஏறவேண்டும். முன் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டும் வேலையை நானே செய்கிறேன். ஷாஃப்ட் வாங்கக் கிளம்பும் முன் என்னென்ன பார்க்கவேண்டும், எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜிப்ஸியின் முன் ஆக்ஸில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புக் கூடு. இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் உள்ளே ஒரு ஷாஃப்ட் நீளம், ஒன்று குட்டை. கூட்டின் இரு முனையிலும் ஓர் உருண்டை. அதன் மேல், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்புகிறது. உருண்டைக்குள் கிரீஸில் மூழ்கி இருப்பது பர்ஃபீல்டு ஜாயிண்ட்: ஒரு கிண்ணம், உள் ரேஸ், கேஜ், 6 குண்டுகள். அதிலிருந்து கிளம்பும் ஸ்டப், ஸ்பிண்டிலின் நடுவே போய் ஹப்பைப் பிடிக்கிறது. 1985-ல் வந்த 970 சி.சி. வண்டியானாலும் 1996-ல் வந்த 1.3 லிட்டர் கிங் ஆனாலும் அமைப்பு இதுதான். ஆக்ஸிலின் அகலமும் சில பாகங்களும் மட்டும் மாறும். அதனால் பாகம் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள்.

இந்த அமைப்பில் லிஃப்ட் போட்டால் பாடிதான் மேலே போகிறது. ஆக்ஸில் சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2 இன்ச் தூக்கினாலும் 5 இன்ச் தூக்கினாலும் பர்ஃபீல்டின் கோணம் ஒரு டிகிரிகூட மாறாது. ஸ்கார்பியோ போல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கதை வேறு. அங்கே தூக்கினால் ஷாஃப்ட் சாய்ந்து ஜாயிண்ட் தேயும். அந்த வண்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஜிப்ஸிக்குப் பொருத்திப் பேசுவதால்தான் "லிஃப்ட் போட்டா ஆக்ஸில் போகும்" என்ற பேச்சு.

ஜிப்ஸியில் லிஃப்ட் கெடுப்பது வேறு சிலவற்றை: இன்ஜின் சக்தியை முன் ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் முன் ப்ராபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டியரிங் கேஸ்டர் (நக்கிள் திரும்பும் அச்சின் பின்சாய்வு), டிராக் லிங்க், பிரேக் ஹோஸ். ஷாஃப்ட்டை உடைப்பது, தூக்கிய இடத்தில் நாம் மாட்டும் பெரிய டயர். கம்பெனி டயர் 205/70 ஆர்15. விட்டம் சுமார் 668 மி.மீ. அதை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ.க்கு வருகிறது. அதே கல்லை ஏற ஷாஃப்ட் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல் முறுக்கத்தைத் தாங்கவேண்டும். 31 இன்ச் டயர் என்றால் அது 18 சதவீதம் ஆகிறது. இதோடு முன் டிஃபரென்ஷியலில் லாக்கரும் (இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) போட்டு, 4எல்-லில் (நான்கு சக்கர ஓட்டம், குறைந்த வேக கியர்) ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி மிதித்தால் முறியத்தான் செய்யும்.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

ஹப் எந்த வகை என்று பாருங்கள். கையால் திருப்பும் லாக்கிங் ஹப் இருந்தால் வேலை சுலபம். வெறும் ஃபிளாஞ்ச் போட்ட வண்டியில் முன் ஷாஃப்ட்டும் ப்ராபெல்லரும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியானால் இரண்டு பக்க ஃபிளாஞ்சையும் கழற்றி, மண் போகாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிவிட்டு 2எச்-சில் (பின் சக்கர ஓட்டம் மட்டும்) கொஞ்ச தூரம் ஓட்டலாம். சக்கரத்தைத் தாங்குவது ஸ்பிண்டிலில் உள்ள பேரிங்கும் நட்டும்தான், அதனால் சக்கரம் கழன்று வராது.

ஹப் ஃப்ரீயில் 2எச்-சில் ஓட்டும்போதும் சத்தம் இருந்தால் ஷாஃப்ட்டை மறந்துவிடுங்கள். அது அந்த நேரத்தில் சுற்றவே இல்லை. வீல் பேரிங், பிரேக், டயர், ஸ்டியரிங் இவற்றில் ஒன்று.

அடுத்து ஹப்பை லாக் செய்து, கியரை 2எச்-சிலேயே விட்டு ஓட்டுங்கள். இப்போது ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், முன் ப்ராபெல்லர் எல்லாம் சுமை இல்லாமல் சும்மா சுற்றும். இங்கே புதிதாக ஒரு அதிர்வு வந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூடினால் ப்ராபெல்லர் பக்கம் போங்கள். லிஃப்ட் போட்ட வண்டியில் இது ரொம்ப சகஜம்.

மூன்றாவது, மண் பாதையில் 4எச் (நான்கு சக்கர ஓட்டம், சாதாரண வேக கியர்). நேராக ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு "டங்", விடும்போது ஒரு "டங்" என்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது: ப்ராபெல்லர் கிராஸ், ஸ்லிப் ஸ்ப்ளைன் (நீண்டு சுருங்கும் பல் இணைப்பு), ஃபிளாஞ்ச் போல்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட் ரப்பர். முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜிப்ஸியில் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. அதன் ரப்பர் கிழிந்தால் வரும் அடி, ஆக்ஸில் உடைந்தது போலவே கேட்கும்.

கடைசியாக 4எல். சமமான மண் தரையில், ஆள் நடக்கும் வேகத்தில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி முன்னும் பின்னும் போங்கள். பிறகு மறுபக்கம். திருப்பும்போது மட்டும், அதுவும் சுமை இருக்கும்போது மட்டும், சக்கரம் சுற்றும் கணக்கில் "டிக் டிக் டிக்" என்று வந்தால் அது பர்ஃபீல்டு. எந்தப் பக்கம் என்பதை உள்ளே உட்கார்ந்து சொல்ல முடியாது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்க ஜாயிண்ட் என்றெல்லாம் ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பிக் கழற்றாதீர்கள். ஒருவரை வெளியே கொஞ்சம் தள்ளி நடக்கவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தார் ரோட்டில் செய்யவே கூடாது. ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின் சக்கரம் ஓடும் தூரம் வேறு. மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அது முடியாமல் எல்லா ஷாஃப்ட்டும் முறுக்கேறி, ஸ்டியரிங் இறுகி, பட்டென்று விடுபடும். நல்ல ஆக்ஸிலே அப்போது கெட்ட ஆக்ஸில் போலச் சத்தம் போடும்.

லாக்கிங் ஹப் தேய்ந்தாலும் சுமையில் பல் தாண்டி "பட் பட்" என்று அடிக்கும். பர்ஃபீல்டுக்கும் இதற்கும் வித்தியாசம், இது ஸ்டியரிங் நேராக இருக்கும்போதும் வரும். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஹப்பையும் பக்கம் மாற்றி மாட்டுங்கள். சத்தமும் பக்கம் மாறினால் ஹப். ஒரு மணி நேர வேலைதான். பக்கத்துத் தோட்டக்காரருக்கு இதைத்தான் செய்தோம், ஆனால் அவர் ஷாஃப்ட்டுக்குப் பணம் கொடுத்த பிறகு.

ஜாக்கியில் ஏற்றி

பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஆக்ஸில் கூட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவேண்டாம், அதுவும் உயரம் ஏற்றிய வண்டிக்கு.

சக்கரத்தை மேலே 12 மணி, கீழே 6 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால், நக்கிள் திரும்பும் கிங் பின் பேரிங். 9 மணி, 3 மணி இடத்தில் ஆடினால் டை ராடு, டிராக் லிங்க் முனைகளைப் பாருங்கள். சாலையில் 60, 70 வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கையை உதறுகிற வண்டியில் பெரும்பாலும் கிங் பின் பேரிங்தான் காரணம். வண்டி அதிக நேரம் நேராகவே ஓடுவதால் பேரிங் நடுவில் மட்டும் குழி விழுந்திருக்கும். ஸ்டியரிங் டேம்பர் போட்டு அதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் மறையும்.

ஷாஃப்ட் முறிந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு முன் சக்கரத்தையும் தூக்கி, ஹப்பை லாக் செய்து, 4எச் போட்டு வண்டியைக் கியரில் விடுங்கள். ப்ராபெல்லர் அசையாது. இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் தொடர்பு அறுந்திருக்கிறது. எந்தப் பக்கச் சக்கரம் பிடிமானமே இல்லாமல் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம். ஹப் மூடியைக் கழற்றிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஸ்டப் முனையும் சேர்ந்து சுற்றினால் முறிவு உள்ளே, சுற்றாவிட்டால் ஹப்பிலேயே. லாக்கர் போட்ட வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

உருண்டை சொல்வதைக் கேளுங்கள்

ஒரு பிடி பனியன் வேஸ்ட் எடுத்து நக்கிளுக்குப் பின்னால் இருக்கும் உருண்டையைத் துடையுங்கள். துடைத்ததை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கெட்டியான கறுப்பு கிரீஸ் லேசாகக் கசிந்தால் வெளி வைப்பர் சீல் பழசாகிவிட்டது, அவசரம் இல்லை. தண்ணீராக, கந்தக நாற்றத்தோடு ஒழுகினால் அது டிஃபரென்ஷியல் ஆயில். உள்ளே, கூட்டின் முனையில் ஷாஃப்ட்டைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். பர்ஃபீல்டுக்கு கிரீஸும் இல்லை, டிஃபரென்ஷியலின் கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்கு ஆயிலும் இல்லை என்ற நிலை வரும். இதை ஒத்திப்போடக் கூடாது.

சீலை மாற்றும் முன் அது ஏன் போனது என்று கேளுங்கள். முதலில் பார்க்கவேண்டியது காசே செலவாகாத ஒன்று: ஆக்ஸில் கூட்டின் மேலே இருக்கும் பிரீதர். மண் அடைத்துக்கொண்டால், ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். ஓடையில் இறங்கினால் நேர் எதிர். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரென்ஷியல் டிரெயின் நட்டைத் திறக்கும்போது ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். லிஃப்ட் போட்ட வண்டியில் டியூபுக்குக் கொஞ்சம் தொய்வு விடுங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸில் தொங்கும்போது பிய்ந்துகொள்ளும்.

பிரீதர் நன்றாக இருந்தும் ஒரே பக்கச் சீல் மறுபடி மறுபடி போனால் கூடு வளைந்திருக்கலாம். மேட்டில் வேகமாகப் போய்த் தூக்கி அடிக்கும் வண்டிகளில் நீளமான பக்கத்துக் குழாய் வளையும். ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு ஓரமாக உரசும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, டயரில் காற்று சரிபார்த்துவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளி அளந்துகொள்ளுங்கள். இடது வலது இரண்டிலும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெளிவாக மாறினால், முதலில் வீல் பேரிங், கிங் பின் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, கூட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

லிஃப்ட் கெடுத்தவை

நம் ஊரில் மலிவான லிஃப்ட் என்றால் நீள ஷாக்கிள், அதாவது ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தகடு. ஷாக்கிளை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அதில் பாதிதான் வண்டி உயரும். ஜிப்ஸியின் முன் ஸ்பிரிங்கில் ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்பக்கம் கீழே சாய, ஆக்ஸிலும் முன்பக்கமாகக் கவிழும். கேஸ்டர் குறையும். வண்டி நேராக நிற்காமல் அலையும், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஓட்டுபவர் இதை "முன் ஆக்ஸில் பிடிக்குது" என்று சொல்வார்.

இதற்குப் போடுவது ஆப்பு வடிவ இரும்புத் தகடு. கம்பெனி அமைப்பில், அதாவது ஸ்பிரிங்குக்கு மேல் ஆக்ஸில் உட்கார்ந்திருந்தால், தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிய வண்டியில் தடித்த பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் நிலைமை இரட்டிப்பாகக் கெடும். அலுமினியத் தகடு நசுங்கி வெளியே வரும், இரும்புதான் வேண்டும், சென்டர் போல்ட் அதைத் துளைத்துப் போகவேண்டும்.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கேஸ்டரைத் திருப்பிக் கொண்டுவர ஆக்ஸிலைப் பின்னால் சாய்த்தால் பினியன் மூக்கு கீழே போகும், முன் ப்ராபெல்லரின் கோணம் மோசமாகும். அதனால் 2 இன்ச்சுக்கு மேல் தூக்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 5 இன்ச் தூக்கியே ஆகவேண்டும் என்பவர்கள் உருண்டையைக் கூட்டிலிருந்து அறுத்துத் திருப்பி வெல்டு வைக்கிறார்கள். அது நல்ல ஜிக் வைத்திருக்கும் பட்டறை செய்யவேண்டிய வேலை. வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள், எஃப்.சி.க்குப் போகும்போது அது வந்து நிற்கும்.

ப்ராபெல்லரைப் பார்க்கும்போது கிராஸ் கப்புகளைச் சுற்றிச் சிவப்புத் துருத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, கிராஸை மாற்றவேண்டும். ஸ்லிப் ஸ்ப்ளைன் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று, சக்கரம் தொங்கும் நிலையில் பாருங்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே வாட்டத்தில் இருக்கவேண்டும். கழற்றும்போது பெயிண்டில் ஒரு கோடு போடாமல், மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்த அதிர்வை எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

திறப்பது

சோதனை எல்லாம் பர்ஃபீல்டைத்தான் காட்டுகிறது என்றால், சரி, திறக்கலாம். சக்கரத்தை எடுங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றி கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்; ஹோஸில் தொங்கக் கூடாது. ஹப்போ ஃபிளாஞ்சோ எதுவோ அதை எடுத்து, சர்க்ளிப் கழற்றி, பேரிங் நட்டின் லாக் வாஷரை நிமிர்த்துங்கள். நட்டை உளியால் அடிக்காமல் சரியான சாக்கெட் கடன் வாங்குங்கள். டிஸ்க்கோடு ஹப் வந்துவிடும். அடுத்து ஸ்பிண்டில் போல்ட்டுகள். ஸ்பிண்டில் இறுகிப் பிடித்திருக்கும். மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஷாஃப்ட்டை நேராக, தூக்கிப் பிடித்தபடி உருவுங்கள். சாய்த்து இழுத்தால் ஸ்ப்ளைன் பல் புதுச் சீலையும் கிழித்துவிடும்.

டீசலில் கழுவிவிட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். குண்டு ஓடும் பள்ளங்கள் பளபளவென்று இருந்தால் பரவாயில்லை. நகத்தால் தடவும்போது தட்டினால், செதில் பெயர்ந்திருந்தால், ஜாயிண்ட் முடிந்தது. கேஜின் ஜன்னல் மூலைகளிலும் கிண்ணத்தின் வாய் விளிம்பிலும் விரிசல் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி வையுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள்ளிருந்து எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கறுப்புக் கோடு எழும்பும்.

ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வையுங்கள். பல் வரிசை நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு போனால் ஷாஃப்ட் ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்று ஓடினாலும் அதை மறுபடி மாட்டாதீர்கள். சீல் உட்காரும் இடத்தில் பள்ளக் கோடு விழுந்திருந்தால் புது ஷாஃப்ட் தேவையில்லை. புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடித்தால் உதடு தேயாத இடத்தில் உட்காரும்.

ஜாயிண்டை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்க, கிண்ணம் கீழே தொங்கும்படி ஷாஃப்ட்டை வைஸில் பிடித்து, உள் ரேஸின் முகத்தில் பித்தளைக் கம்பி வைத்து ஓர் அடி. உள்ளே இருக்கும் லாக் கிளிப் சுருங்கி ஜாயிண்ட் கழன்று விழும். கீழே சாக்கு போட்டுவையுங்கள்.

பாகம் வாங்குவதில் என் கருத்து: ராணுவத்தில் கழித்த ஜிப்ஸிகளின் ஆக்ஸில்கள் கிடைக்கின்றன. அதில் வரும் பழைய ஒரிஜினல் ஷாஃப்ட், பெட்டியில் வரும் பெயர் தெரியாத புது ஷாஃப்ட்டை விட மேல். ஸ்கேலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாங்குங்கள். சீல்களை மட்டும் எப்போதும் புதிதாக, ஒரிஜினலாக வாங்குங்கள். விலை உயர்ந்த குரோம்மோலி எஃகு ஷாஃப்ட் போடலாமா என்று கேட்பார்கள். போட்டால் ஷாஃப்ட் எளிதில் உடையாது. அடுத்து பலவீனமான கிரவுன் பினியனுக்கு அடி போகும். அதன் விலையையும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாட்டும்போது

கிங் பின்னைக் கழற்றியிருந்தால் மேல் ஷிம்மையும் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) கீழ் ஷிம்மையும் கலக்காதீர்கள். பேரிங் மாற்றிய பிறகு வைப்பர் சீல் போடும் முன், டை ராடு மாட்டும் துளையில் சிறிய ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்துப் பார்த்து, மேனுவலில் சொன்ன அளவு வரும்வரை ஷிம்மைக் கூட்டிக் குறையுங்கள். இந்த வேலையைக் கையால் அழுத்திப் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் உதறல் திரும்பி வருவதற்கு அது ஒன்றே போதும்.

பர்ஃபீல்டுக்கு மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். மஞ்சள் சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகி ஓடிவிடும். குண்டுகளுக்கு நடுவே கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை திணியுங்கள். நக்கிள் அறையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சூட்டில் கிரீஸ் விரிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் புது வைப்பர் சீல் வழியாக வெளியே வரும். உருண்டையின் துருவை மெல்லிய எமெரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே சீல் மாட்டவேண்டும். டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல்-5 ஆயில், 80டபிள்யூ-90, ஃபில்லர் துளை மட்டத்துக்கு.

நக்கிளின் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைத் தொடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் சின்ன வட்டத்தில் திரும்பவேண்டும் என்று அதை உள்ளே தள்ளுபவர்கள் உண்டு. அந்தக் கூடுதல் ஒன்றிரண்டு டிகிரியில்தான் பர்ஃபீல்டு மிகவும் பலவீனமாக இருக்கிறது. சக்கரம் கல்லில் மாட்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிவிட்டு மிதியுங்கள். டயர் துள்ளிக் குதிக்கிறது என்றால் உடனே காலை எடுங்கள். காற்றில் சுற்றும் சக்கரம் திடீரென்று கல்லைப் பிடிக்கும் அந்த நொடியில்தான் ஷாஃப்ட் முறிகிறது.

மாட்டி முடித்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நின்று இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத அளவு சூடென்றால் பேரிங் நட்டு அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது அந்தப் பக்க பிரேக் பிடித்தபடி இருக்கிறது. சில நாள் ஓடிய பிறகு ஃபிளாஞ்ச், ஸ்பிண்டில், யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள்.

காட்டு வழியில் முறிந்தால்

இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் போட்டு 2எச்-சில் இறங்கிவிடலாம் என்பார்கள். ஸ்டியரிங் இரு பக்கமும் தடையில்லாமல் திரும்பினால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். பர்ஃபீல்டு உடைந்த துண்டு உருண்டைக்குள் சிக்கினால் ஸ்டியரிங் வளைவிலேயே பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்தில் அது உயிர் போகும் விஷயம். திருப்பும்போது கரகரவென்று தடை தெரிந்தால் அங்கேயே பிரித்து, உடைந்த ஷாஃப்ட்டையும் எல்லாத் துண்டையும் வெளியே எடுங்கள். 6 குண்டும் கைக்கு வந்ததா என்று எண்ணிக்கொள்ளுங்கள். சீல் துளைக்குள் சுத்தமான துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்தால் ஆயில் பெரிதாக ஒழுகாது. ஸ்பிண்டில், ஹப், காலிப்பர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஹப் வாயைப் பிளாஸ்டிக் தாளும் டியூப் ரப்பரும் வைத்துக் கட்டுங்கள். மறுபக்க ஹப்பும் ஃப்ரீயில் இருக்கட்டும். ஃபிளாஞ்ச் என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். பிறகு 2எச்-சில் மெதுவாக இறங்குங்கள். புது ஷாஃப்ட் போடும் அன்றைக்கு, அடைத்த துணியை முதலில் உருவி எடுத்துவிட்டு, பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றுங்கள்.